மாஸ்டர் தங்கிய வீடுகள்

2007 மார்ச் 10, சனி

காலையில் மழை, மத்தியானம் பனி, பின்னேரம் சேறு. நடனப் பள்ளி வாசலில் சப்பாத்துக் குவியல். மகள் மெலனியின் பூட்ஸ் ஒன்றை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிக் கிடந்தது இரண்டு இடது கால். அந்த அடித்தளத்தில் ஈரக் காலுறை நாற்றமும் சாம்பிராணியும் எப்போதும் கலந்தே அடிக்கும். ஆண்டு மலரில் இதற்குப் பெயர் தெய்வீகச் சூழல்.

புறப்படும்போது நடன ரீச்சர் பிடித்துக்கொண்டார்.

"ஜெசிந்தா, நீங்கள் கார்டெரியில சின்னப் பிள்ளையளோட வேலை செய்யிறனீங்கள்தானே. எங்கட கொமிட்டிக்கு வாங்கோ. ஒரு சின்ன வேலை இருக்கு."

சின்ன வேலை இதுதான். ஜூனில் நகரசபை மண்டபம் வேண்டுமென்றால் பள்ளியிடம் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை என்று எழுத்தில் ஒன்று இருக்க வேண்டுமாம். அது இல்லையென்றால் மண்டபம் இல்லை. மண்டபம் இல்லையென்றால் யாழினியின் அரங்கேற்றம் இல்லை. ஆகவே பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது இத்தனை வருடம் கழித்து எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது.

யாழினி: பதினைந்து வயது, மொன்ட்ரியாலுக்கு வடக்கே லவாலில் வீடு, பள்ளியின் முதல் மாணவி. உண்மையாகவே நன்றாக ஆடுவாள். தாய் வத்சலா: வகுப்புக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து செல்போனில் அரங்கேற்றம் பற்றி மட்டும் கதைப்பவர். சேலை நிறம், மேடைப் பூ, பிரதம விருந்தினர், மறுபடி சேலை நிறம். (இனி அரங்கேற்றத்தை அ. என்றே எழுதப் போகிறேன். காதும் கையும் வலிக்கின்றன.)

கொமிட்டிக்கு ஓம் சொல்லிவிட்டேன். வீட்டில் கணவர் அன்ரன் சிரித்தார். "உமக்கு வாய் சும்மா இராது. போய் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு வாரும்."

நாளைக்கு: பூசைக்குப் பிறகு மீன் வாங்க. மெலனிக்கு பூட்ஸ்.

மார்ச் 17, சனி

கொமிட்டிக் கூட்டம், தலைவர் வீட்டில், புவாண்ட்-கிளேர். தலைவர் தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். வீடு முழுக்க வெள்ளைக் கம்பளம். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் சோபாவின் நுனியில். முறுக்கு நல்லது.

கொள்கை ஏற்கெனவே தயார்.

"நெட்ல ஒரு டான்ஸ் ஸ்கூலோடது கிடைச்சுது மேடம். ரொம்ப நல்லா எழுதியிருக்கான். பேர மட்டும் மாத்திட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டு பாலே பள்ளி ஒன்றினுடையது. நுனிக்கால் சப்பாத்தின் நாடாவைப் பிள்ளைக்கு யார் கட்டிவிடலாம், யார் கட்டிவிடக் கூடாது என்று அரைப் பக்கம். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறார்கள் என்றேன்.

"பரவால்ல மேடம். இத யாரு படிக்கப் போறா."

இன்று பின்னேரம் முழுக்க அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஆனால் உள்ளே ஒரு நல்ல வரி இருந்தது. பெரியவர் ஒருவரும் மூடிய கதவுக்குள் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் எங்களுக்கும் அதே விதி, குழந்தைக்கு நாப்பி மாற்றும்போதும் கதவு திறந்திருக்க வேண்டும். இங்கே இதை எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

உடனே எல்லோருக்கும் ஒரே ஆளின் நினைவு வந்தது. மிஸ்யே ழோசெப். கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவர், ஹெய்ட்டிக்காரர், வாசற்படிப் பனி உருக உப்புத் தூவிக்கொண்டே பிள்ளைகளுக்கு போன்ஜூர் சொல்பவர். சனிக்கிழமைகளில் அவர் அடித்தளத்துக்கு இறங்கக் கூடாது என்று தீர்மானம்.

"நாங்கள் பிழையா ஒண்டும் நினைக்கேல்லை," என்றார் ரீச்சர். "ஆனா தெரியாத ஆள்தானே."

வருடக்கணக்காக வாராவாரம் பார்க்கிற ஆள். நான் எதிர்த்தேன். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

வெயில். ஆனால் காது உறைகிற குளிர்.

யாழினியின் அ.வுக்கு வாசிக்கப்போகும் மிருதங்க மாஸ்டர் ஜேர்மனியில் இருந்து வந்து இறங்கிவிட்டார். விமான நிலையத்துக்குக் கார் கார் ஆகப் போனார்களாம், பூமாலையோடு. நான் போகவில்லை. வத்சலா வீட்டு விருந்தில்தான் பார்த்தேன். யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், ஐரோப்பா முழுக்க அ. வாசிக்கிறவராம். பட்டு வேட்டிக்கு மேல் லெதர் ஜாக்கெட். ரீச்சர் காலில் விழப் போனார், அவர் தடுக்கிற மாதிரிக் கையை நீட்டிவிட்டு விழும் வரை காத்திருந்தார்.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாத்தியக்காரர் ஹோட்டலில் தங்க மாட்டார். அ. நடக்கிற பிள்ளையின் வீட்டில்தான் தங்குவார். அது அந்த வீட்டுக்குப் பெருமை. அந்தப் பிள்ளைதான் காலையில் அவர் காலைத் தொட வேண்டும், அறைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பின்னேரம் பேஸ்மென்றில் இருந்து அவரோடு தாளம் பழக வேண்டும். அப்போதுதான் ஆட்டமும் மிருதங்கமும் ஒட்டுமாம். ஜூன் வரைக்கும் இப்படி.

வத்சலா எங்களை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

"யாழினியின்ர அறைக்கு எதிர் அறையை மாஸ்டருக்கு ஒதுக்கினனாங்கள். புதுக் கட்டில். பாத்ரூமும் கிட்ட."

பாதுகாப்புக் கொள்கை எழுதிய கொமிட்டி முழுவதும் அந்த வாசலில் நின்றது. தலைவர், ரீச்சர், நான். எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்து நல்ல வெளிச்சம் என்றோம்.

கத்தரிக்காய்ப் பால்கறி திறம். இரண்டாம் தரமும் போட்டேன்.

ஏப்ரல் 7, சனி

நேற்றுப் பெரிய வெள்ளி, நாள் முழுக்கக் கோயிலில் முழங்கால். இன்றைக்கும் வகுப்பு வைத்திருக்கிறார்கள். முழங்கால் இன்னும் நோகிறது.

வகுப்பு முடிவில் பிள்ளைகள் வரிசையாக வந்து மாஸ்டரின் காலைத் தொடுகிறார்கள். சின்னவர்களைத் தலையில் தட்டி அனுப்பிவிடுகிறார். பெரிய பிள்ளைகளைத் தோளில் பிடித்து எழுப்புகிறார். எழுப்பிய கை உடனே திரும்பி வருவதில்லை. தாய்மார் கண் கலங்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

யாழினியின் முறை. தூரத்தில் நின்றபடி கையைக் கூப்பினாள். அவ்வளவுதான். கிட்டப் போகவில்லை.

"என்ன இது யாழினி," ரீச்சர். "மாஸ்டருக்கு நமஸ்காரம் பண்ணு."

"முதுகு நோகுது ரீச்சர்."

"விடுங்கோ ரீச்சர்," மாஸ்டர் சிரித்தார். "பிள்ளைக்கு இண்டைக்கு என்னில கோபம்."

எல்லோரும் சிரித்தார்கள். வத்சலா ஓடிவந்து, "கனடாவில பிறந்ததுகள் மாஸ்டர், மரியாதை தெரியாது, குறை நினையாதேங்கோ," என்று மன்னிப்புக் கேட்டார். தாய்மார் நடுவில் அதன் பிறகு அரை மணி நேரம் அதுதான் கதை. திமிராம். தலைக்கனமாம். முதல் மாணவி என்று தூக்கி வைத்ததன் பலனாம். ஒரு பிள்ளை ஒரு ஆளுக்குக் கிட்டப் போகப் பிரியப்படவில்லை, அதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மெலனி பஸ்ஸில் பிரெஞ்சில் கேட்டாள். அவர் எனக்கு மாமா இல்லை, பிறகு ஏன் எல்லோரும் மாஸ்டர் மாமா என்று கூப்பிடச் சொல்கிறார்கள். மரியாதைக்கு என்றேன். அப்படியென்றால் மிஸ்யே ழோசெப்பையும் மாமா என்று கூப்பிடலாமா என்றாள். பதினொரு வயதில் இவ்வளவு கேள்வி.

ஈஸ்டருக்கு ஆட்டிறைச்சி ஊற வைத்தாயிற்று.

ஏப்ரல் 14, சனி

வகுப்பறைக் கதவுக்குக் கண்ணாடி வைத்தாயிற்று. தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"இப்ப நாம ஃபுல் கம்ப்ளையன்ஸ் மேடம். வெளில இருந்து எல்லாம் தெரியும்."

கண்ணாடியைப் பொருத்தியது மிஸ்யே ழோசெப்தான். நேற்றே வந்து பொருத்தினாராம், சனிக்கிழமை அவர் இறங்கக் கூடாதல்லவா.

வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள். உடுப்பு மாற்றும் அறையில் யாழினி மட்டும். சதங்கையைக் கழற்றுகிறாள், பிறகு கட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். வெளியே தகப்பனின் கார். முன் சீட்டில் மாஸ்டர். ஹோர்ன் அடிக்கிறது.

"போகேல்லையே பிள்ளை?"

"பேந்து போறன் அன்ரி."

"அப்பா நிக்கிறார்."

"ஓம்." அசையவில்லை.

கார்டெரியில் இரண்டு வகை அழுகை உண்டு. காலையில் தாயை விடமாட்டேன் என்று அழுவது, அது எல்லாப் பிள்ளைக்கும் வரும். பின்னேரம் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுவது வேறு. அதைக் கேட்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். இந்தப் பிள்ளை அழவில்லை. சதங்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடி இங்கே இருக்கிறது. ஆள் தங்குவது அங்கே, அவள் அறைக்கு எதிரே. அந்த வாசலில் நின்று நல்ல வெளிச்சம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

என் ரெலிபோன் இலக்கம், விலாசம் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். என்ன நேரம் என்றாலும் வா என்றேன். வாங்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 15, ஞாயிறு

பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. வந்ததும் வத்சலாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"வத்சலாக்கா, யாழினி சுகமா இருக்கிறாளோ?"

"சாப்பிடுறாளில்லை. அரங்கேற்றப் பயம்தான். எல்லாப் பிள்ளையளுக்கும் வரும்."

"மாஸ்டரை வேற எங்கயாவது தங்க வைக்கேலாதோ?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ஓ, அப்பிடியோ. உங்களுக்கும் அவர் வந்து நிக்கவேணும் எண்டு ஆசைதான். ஆனா உங்கட அபார்ட்மென்ற் சின்னன் ஜெசிந்தா. நீங்கள் இருக்கிற மொன்ட்ரியால்-நோரும் அவருக்குத் தூரம்."

எனக்குப் பொறாமையாம். இதற்கு மேல் சுற்றி வளைக்கப் பொறுமை இல்லை. பிள்ளை அந்த ஆளோடு தனியாக இருக்க விடாதேயுங்கள் என்று நேரே சொன்னேன்.

"அவர் சாமி மாதிரி. உங்கட சமயத்தில உப்பிடி எல்லாம் நினைப்பினமோ தெரியாது."

ரெலிபோனை வைத்துவிட்டார். எங்கள் சமயத்தில் குருவானவர்களைப் பற்றி அப்படி நினைக்கத் துணியாமல் முழங்காலில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கு வந்தபோது அங்கே ஆள் இல்லை.

ஏப்ரல் 21, சனி

கடைசியில் பத்து டிகிரிக்கு மேல். எல்லோரும் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

யாழினி வகுப்புக்கு வரவில்லை. இனி வீட்டிலேயே மாஸ்டரோடு பழகுவாளாம். தலைவருக்கு அதிலும் பெருமை. "இன்டென்சிவ் கோச்சிங் மேடம். எத்தன பேருக்குக் கிடைக்கும்?"

ரீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கொமிட்டி ஆளாகச் சொல்கிறேன், பழகுவதென்றால் இங்கே, எங்கள் கண் முன்னால்.

"ஜெசிந்தா, அரங்கேற்றம் முடியட்டும். பேந்து கதைப்பம்."

"பேந்து எண்டால் அவர் போயிடுவார் ரீச்சர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். போயிடுவார். தன்ர பாட்டில முடிஞ்சிடும்."

என்ன முடிந்துவிடும் என்று கேட்டேன். ரீச்சர் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார்.

தெரிந்திருக்கிறது. முழுக்க இல்லாவிட்டாலும் போதிய அளவு. பிள்ளைகளின் கண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாராவாரம் கத்திக் கத்திப் பழக்குகிற மனுஷி. தன் கண்ணை எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கார்டெரியில் எங்கள் பொறுப்பாளரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். சந்தேகம் போதும், நிரூபிப்பது உன் வேலை இல்லை, சிறுவர் பாதுகாப்பு ஒபிசுக்கு எடு என்றார். எடுக்க வேண்டும். வத்சலா சொன்ன "உங்கட சமயத்தில" இன்னும் காதில் இருக்கிறது, அதுதான் கையைப் பிடிக்கிறது. என்னில் எனக்கே அருவருப்பு. கட்டாயம் எடுப்பேன்.

கார்டெரியில் பேன் பரவுகிறது. இதை எழுதும்போதே தலை கடிக்கிறது.

ஏப்ரல் 29, ஞாயிறு

லவாலுக்கு மெற்றோ திறந்துவிட்டார்கள், நேற்று. சனம் பிள்ளை குட்டியோடு ஏறி இறங்கி வேடிக்கை பார்க்கிறதாம். மெலனி தானும் போக வேண்டும் என்று காலையில் இருந்து அரியண்டம்.

மத்தியானம் கழிந்து மணி அடித்தது. வாசலில் யாழினி. பயிற்சிச் சேலைக்கு மேல் ஜாக்கெட். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. மெலனியைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ பகிடி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அன்ரனிடம் மெலனியைக் கொடுத்து தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் பால் வாங்க அனுப்பினேன். வீட்டில் பால் இருந்தது.

தாய் தகப்பன் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டார்களாம். யாரோ ஒரு பிள்ளை பெரிய பிள்ளை ஆனதை மண்டபம் எடுத்துக் கொண்டாட.

"நானும் வாறன் எண்டு கேட்டனான் அன்ரி. மாஸ்டர் வீட்டில இருக்கிறார்தானே, நீ நிண்டு பழகு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். அவர் குளிக்கப் போன உடன வெளிக்கிட்டிட்டன். மெற்றோவில ஒரே சனம். அது நல்லதாப் போச்சு."

சோறு போட்டேன். சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. அவன் அவளிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "ஆருக்காவது சொன்னியெண்டால் நான் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போயிடுவன். அப்ப உன்ர அம்மான்ர முகம் எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சுப் பார்." இதுவரை அவர் என்று எழுதிவந்தேன். இனி அவன்தான்.

நான் உன்னை நம்புறன் என்றேன். நீ ஒரு பிழையும் செய்யேல்லை என்றேன். கார்டெரியில் பயிற்சியின்போது சொல்லிக்கொடுத்த வசனங்கள். அன்றைக்குப் பின்வரிசையில் இருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டேன்.

வத்சலாவுக்கு எடுத்தேன். மண்டபத்தில் இருந்து நேரே வந்தார்கள், பட்டும் நகையும் பூவுமாக. என் வீட்டின் சின்ன நடையில் வத்சலாவின் சேலை மட்டுமே நிறைந்து நின்றது. மகளைப் பார்த்ததும் வந்த முதல் வார்த்தை:

"மாஸ்டருக்கு மத்தியானச் சாப்பாடு மூடி வச்சிட்டுப் போனனான். அதை எடுத்துக் குடுக்காமல் இஞ்ச வந்து நிக்கிறியோ?"

அந்த நேரம் எனக்கு வந்த வெறுப்பை இந்தக் கொப்பி தாங்காது. வத்சலாவை உட்கார வைத்து ஒரு பிரசங்கம் செய்ய எல்லாம் தயாராக வைத்திருந்தேன். சட்டம், கடமை, பெருமையா பிள்ளையா என்ற கேள்வி. வரிசையாக.

யாழினி முந்திக்கொண்டாள். குசினி மேசையில் இருந்தபடி, தமிழில், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். எனக்குச் சொன்னதில் பாதிகூட இல்லை. வத்சலா நின்றபடியே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"எப்ப இருந்து?"

"அவர் வந்து அடுத்த கிழமையில இருந்து."

வத்சலா கதிரையை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த நம்பரைத் தாங்கோ ஜெசிந்தா."

"எந்த நம்பர்?"

"பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு எங்கட ஆக்கள் எல்லாரும் பயப்பிடுற நம்பர்."

ஒரு கிழமையாக நான் எடுக்காமல் வைத்திருந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். தகப்பன் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கார்ட் எல்லாம் அடிச்சுக் குடுத்தாச்சே," என்றார், யாருக்கு என்றில்லாமல். வத்சலா திரும்பியும் பார்க்கவில்லை. "நீங்கள் போய் அவன்ர பெட்டியையும் மிருதங்கத்தையும் ரோட்டில வையுங்கோ. வச்ச பிறகு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ." அவர் போனார்.

வத்சலா தன் உடைந்த பிரெஞ்சில் தானே கதைத்தார். என்னைக் கதைக்க விடவில்லை. மகளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

வத்சலாவைப் பற்றி மேலே எழுதியது ஒன்றையும் வெட்டப் போவதில்லை. அதுவும் உண்மை. இதுவும் உண்மை.

மே 5, சனி

அவசரக் கொமிட்டி. அதே வெள்ளைக் கம்பளம். சிறுவர் பாதுகாப்பு ஒபிசில் இருந்து இரண்டு பெண்கள் வந்து யாழினியுடன் கதைத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டதும்தான் இந்த அவசரம். அதற்கு முன் இல்லை.

மாஸ்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றால், இதே வீட்டில், மேல் மாடியில். நாங்கள் கதைக்கும்போது தலைக்கு மேல் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

தலைவர் கொள்கையை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். "பாருங்க மேடம், நம்ம பாலிசி ஸ்கூல் வளாகத்துக்கு மட்டும்தான். வீடு இதுல கவர் ஆகல. டெக்னிக்கலா இது ஸ்கூல் விஷயமே இல்ல."

ரீச்சர்: "ஒரு கலைஞரை இப்பிடி அவமானப்படுத்தினா நாளைக்கு ஒருத்தரும் மொன்ட்ரியாலுக்கு வரமாட்டினம். ஓகஸ்டில இன்னும் அரங்கேற்றம் இருக்கு."

பெயர் எழுதக்கூட விரும்பாத ஒரு தாய்: "பிள்ளையும் கொஞ்சம் சிரிச்சுக் கதைக்கிற பிள்ளைதானே."

அந்தத் தாயின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அதுவும் சிரித்துக் கதைக்கிற பிள்ளைதான். அதைச் சொன்னேன். பிறகு இன்னும் சொன்னேன். ஒரு தப்பும் செய்யாத மிஸ்யே ழோசெப்பைப் படி இறங்க விடாமல் தடுத்தீர்கள், இவனுக்குப் புதுக் கட்டில் போட்டுக் கொடுத்துப் பிள்ளையின் கையில் தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பினீர்கள், இப்போது காகிதத்தில் இடமில்லை என்கிறீர்கள். குரல் உயர்ந்துவிட்டது. முறுக்குத் தட்டை யாரோ என் பக்கத்தில் இருந்து நகர்த்தினார்கள்.

வத்சலாவும் வந்திருந்தார். சாதாரணச் சல்வார், நகை இல்லை. முறைப்பாட்டை விட்டுவிடும்படி கேட்டார்கள். மண்டபம் கிடைத்துவிட்டதாம், இவ்வளவு தூரம் வந்த பிறகு பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆவதாம்.

"அரங்கேற்றம் இல்லை," என்றார் வத்சலா. எழுந்து சப்பாத்தைப் போட்டார். நானும் போட்டேன்.

காரில் கொண்டுவந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அண்டைக்கு உங்கட சமயத்தைப் பற்றிச் சொன்னனான்," என்றார். விடுங்கோ அக்கா என்றேன்.

மே 13, ஞாயிறு

அன்னையர் தினம். மெலனி கார்ட் செய்து தந்தாள். அதில் என்னை வரைந்து மூக்கைப் பெரிதாகக் கீறியிருக்கிறாள்.

அவன் போய்விட்டான். பொலிஸ் தேடிப் போவதற்கு முன்பே தலைவர் தன் காரில் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டாராம். உடம்புக்கு முடியாமல் அவசரமாகத் திரும்பினார் என்று ரீச்சர் எல்லோருக்கும் சொல்கிறார். படமும் எடுத்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்தி.

"ஆள் போட்டார்தானே, இனிப் பிரச்சினை இல்லை." நேற்று தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எங்கே போனான், அங்கே யார் வீட்டில் தங்குவான் என்பது இவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவுகிற சாதி.

மெலனிக்கு அடுத்த தவணை வகுப்பில் இடமில்லையாம். சொன்னேன். நீச்சலுக்குப் போகலாமா என்றாள்.

மே 20, ஞாயிறு

மழை. மெற்றோவில் லவாலுக்கு, முதல் தரம். வத்சலா வரச் சொல்லியிருந்தார்.

குசினி மேசையில் வெளிநாட்டுக்கு எடுக்கிற ரெலிபோன் கார்டுகள். வத்சலா நகத்தால் சுரண்டி இலக்கத்தை எடுக்கிறார். எதிரே யாழினி, கணக்குப் புத்தகத்தோடு. மேலே போய்ப் படிக்கிறாயா என்று தாய் கேட்டதற்கு, "இல்லை, நான் இஞ்ச இருக்கிறன். எடுங்கோ," என்றாள்.

அவன் தங்கிய வீடுகள் எல்லாம் வத்சலாவுக்குத் தெரியும். வாத்தியக்காரரை இவர்கள் விசாரிப்பதே அப்படித்தான். அவரை முன்பு வீட்டில் வைத்திருந்த தாயிடம் அடுத்த தாய் எடுத்துக் கேட்பது.

"மார்ச்சில இதே ஆக்களுக்குத்தான் எடுத்தனான்," என்றார் வத்சலா. "மாஸ்டருக்கு இரவில புட்டோ இடியப்பமோ, உறைப்புக் கூடவோ குறையவோ எண்டு கேட்டனான். எல்லாரும் வடிவாச் சொல்லிச்சினம். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. அவையும் வேற ஒண்டும் சொல்லேல்லை."

லண்டன். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் சந்தோஷமாகக் கதைத்தார். விஷயத்தைச் சொன்னதும், "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது, மாஸ்டர் தங்கமான மனுசன்," என்று வைத்துவிட்டார். வத்சலா அடுத்த கார்டைச் சுரண்டத் தொடங்கினார். நான் தேத்தண்ணீர் போட எழுந்தேன்.

பாரிஸ். அரங்கேற்றம் நல்லாத்தான் நடந்தது என்றார் அந்தத் தாய். பிள்ளை அதற்குப் பிறகு ஆடுவதில்லையாம். சதங்கையைக் கண்ணில் காட்டக் கூடாதாம். ஏனென்று தெரியாது, படிப்பு கூடிவிட்டதாக்கும் என்றார். வத்சலா சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. மகளிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்றார்.

ஒஸ்லோ. வத்சலா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார், இப்போது பழகிவிட்டது. பதில் இல்லை. வைத்துவிட்டார்களோ என்று ஸ்பீக்கரைப் போட்டார். வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் எங்கேயோ ஒரு பெண் பிள்ளை நோர்வேஜிய மொழியில் யாரையோ கூப்பிட்டது, ஒரு கதவு மூடிய சத்தம்.

பிறகு அந்தத் தாய் மெல்லக் கேட்டார்.

"உங்கட பிள்ளை... உங்களுக்குச் சொன்னவளோ?"